தோல் பயொப்சி: டொக்டரின் கண்ணும் நுணுக்குக்காட்டியும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொழும்பில் ஒரு வைத்தியசாலையின் இழைய நோயியல் ஆய்வுகூடத்தில் பல வருடங்கள் வேலை செய்தவன் நான். பயொப்சி என்று நோயாளியிடமிருந்து பரிசோதனைக்காக வெட்டி எடுத்து அனுப்பும் தோல் துண்டை மெழுகில் புதைத்து, சீவி, சாயமேற்றிக் கண்ணாடித் தகட்டில் கொடுப்பதுதான் என் தொழில். இப்போது வெள்ளவத்தையில் ஓய்வாக இருக்கிறேன். ஆனாலும் மாடிப்படி ஏறி யாராவது ஒரு ரிப்போட்டோடு வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். ரிப்போட் ஆங்கிலத்தில் இருக்கும், கிளினிக்கில் விளக்கம் பெரும்பாலும் சிங்களத்தில் கிடைத்திருக்கும், இவர்களுக்குக் கேட்க வேண்டியதோ தமிழில் இருக்கும். அப்படிக் கேட்டவற்றைத்தான் இங்கே தொகுத்திருக்கிறேன். நான் டொக்டர் இல்லை. மருந்து சொல்ல மாட்டேன்.

தோல் டொக்டருக்குப் பார்த்தவுடனே தெரியாதா? எதற்கு வெட்டி எடுக்க வேண்டும்?

அநேகமாகத் தெரியும். காலையில் கிளினிக் வாங்கில் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பவர்களில் சிலருக்குத்தான் பயொப்சி எழுதுவார்கள். சொறி, படை, முகப்பரு, சாதாரண சொரியாசிஸ் இவற்றுக்கெல்லாம் கண் போதும்.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், தோலுக்கு வரும் வருத்தங்கள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன, தோல் அதைக் காட்டும் விதங்களோ மிகச் சில. சிவக்கும், தடிக்கும், செதில் உதிரும், நிறம் மாறும், கொப்புளம் போடும், புண்ணாகும். அவ்வளவுதான். உள்ளேயும் இதே கதை. நுணுக்குக்காட்டியில் பார்த்தாலும் ஒருசில வடிவங்களே திரும்பத் திரும்ப வரும். வெளியே ஒரே மாதிரி இருக்கும் இரண்டு வருத்தம் உள்ளே வேறாக இருக்கலாம். உள்ளே ஒரே மாதிரி இருப்பவை வெளியே வேறாக இருக்கலாம். அதனால்தான் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

சில வேளை இரண்டும் அழகாகப் பொருந்தும். லைக்கன் பிளானஸ் என்று ஒரு வருத்தம் இருக்கிறது. மணிக்கட்டில் ஊதா நிறத்தில் தட்டையான, அரிக்கும் திட்டுகள் வரும், ஆறினால் எங்கள் நிறத் தோலில் கறுப்புத் தழும்பு நெடுநாள் நிற்கும். அந்தத் திட்டின் மேல் எண்ணெய் தடவி உற்றுப் பார்த்தால் மெல்லிய வெள்ளைக் கோடுகள் தெரியும். விக்காம் என்ற பிரெஞ்சு வைத்தியர் 1895இல் எழுதி வைத்த கோடுகள் அவை. தகட்டில் பார்த்தால், மேல்தோலில் மணிமணியான துகள் நிறைந்த ஒரு படை ஆங்காங்கே ஆப்பு வடிவில் தடித்திருக்கும். கண்ணுக்கு வெள்ளைக் கோடாகத் தெரிவது அதுதான். சொரியாசிஸ் செதிலைச் சுரண்டினால் ஊசிமுனை அளவில் இரத்தம் பொட்டுப் பொட்டாகக் கசியுமே, அதற்கும் காரணம் உள்ளே தெரியும்: விரிந்த இரத்தக் குழாய்களின் உச்சியில் மேல்தோல் மெலிந்துபோயிருக்கும்.

ரிப்போட்டின் கடைசியில் ‘கிளினிக்கல் கொரிலேஷன்’ என்று இருக்கிறதே, என்ன அது? தெரியாது என்று கைகழுவுகிறார்களா?

இதைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள். கைகழுவல் இல்லை. “தகட்டில் நான் கண்டது இது. நோயாளியை நான் காணவில்லை. நீங்கள் கண்டதோடு இதை ஒப்பிட்டுப் பார்த்து முடிவெடுங்கள்” என்று நோயியல் நிபுணர் தோல் டொக்டருக்குச் சொல்லும் செய்தி அது. அதாவது, உங்கள் கையிலிருக்கும் கடதாசி பாதி விடை. மறுபாதி கிளினிக்கில் இருக்கிறது. கடதாசியைப் படித்துவிட்டுக் கிளினிக்குக்குப் போகாமல் விடுகிறவர்களும் இருக்கிறார்கள், அவர்களை நினைத்துத்தான் இதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன்.

எவ்வளவு பெரிதாக வெட்டுவார்கள்? வலிக்குமா?

பெரும்பாலும் ‘பஞ்ச்’ என்ற வட்டக் கத்தி. பென்சில் பிடிப்பதுபோல் பிடித்துச் சுழற்றி எடுப்பார்கள். வழமையான அளவு 4 மில்லிமீற்றர், ஒரு மிளகின் பருமன் என்று வைத்துக்கொள்ளுங்கள். விறைப்பூசி போடும்போது எரியும். அதன்பிறகு இழுபடுவது தெரியும், வலி தெரியாது. ஒன்றிரண்டு தையல். முகத்தில் என்றால் ஒரு கிழமைக்குள் பிரிப்பார்கள், கை கால் என்றால் இரண்டு கிழமை வரை போகும்.

புண்ணின் நடுவில்தான் மோசமாக இருக்கிறது. ஏன் ஓரத்தில் எடுத்தார்கள்?

நடுவில் எடுத்தால் எங்களுக்கு வருவது செத்த இழையமும் சீழும்தான். வருத்தம் உயிரோடு வேலை செய்யும் இடம் விளிம்பு. வளையமாகப் பரவும் திட்டு என்றால் பரவிக்கொண்டிருக்கும் ஓரம், கொப்புளம் என்றால் புதிதாக வந்த சின்னக் கொப்புளத்தின் கரை. இரத்தக்குழாய் அழற்சி என்று சந்தேகித்தால் ஒன்றிரண்டு நாள் வயதான புள்ளி வேண்டும், பழசில் அடையாளம் அழிந்துவிடும். முடிந்தால் முழங்காலுக்குக் கீழே எடுக்காமல் தவிர்ப்பார்கள். அங்கே இரத்தம் தேங்குவதால் வரும் மாற்றங்கள் எல்லாவற்றின் மேலும் மூடி நின்று குழப்பும்.

எந்த இடத்தில் எடுப்பது என்ற தீர்மானத்திலேயே பாதி ரிப்போட் எழுதப்பட்டுவிடுகிறது என்பது என் அபிப்பிராயம்.

ஒரு மிளகளவு துண்டுக்கு ஏன் இத்தனை நாள்?

இழையம் கெடாமல் காக்கும் போர்மலின் திரவத்தில் ஊற வேண்டும். பிறகு மதுசாரத்தில் நீரை அகற்றி, சைலீனில் தெளிவாக்கி, மெழுகு ஏற்ற வேண்டும். மெழுகுக் கட்டியை ஏறத்தாழ 4 மைக்குரோன் தடிப்பில் சீவுவோம் (ஒரு மைக்குரோன் என்பது மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). சீவல் வெங்காயச் சருகை விட மெல்லியதாக வெந்நீரில் மிதக்கும். அதைத் தகட்டில் ஏந்தி நீலமும் இளஞ்சிவப்புமாகச் சாயமேற்றினால்தான் நிபுணர் பார்க்கலாம். அவர் பார்த்துவிட்டு “இன்னும் உள்ளே வெட்டுங்கள்”, “வேறு சாயம் போடுங்கள்” என்றால் மறுபடி அதே வேலை.

ஒரு கணக்குச் சொல்கிறேன். 4 மில்லிமீற்றர் துண்டை முழுவதும் சீவினால் ஆயிரம் சீவல் வரும். யாரும் ஆயிரம் பார்ப்பதில்லை, பார்ப்பது சில சீவல்களைத்தான். ‘காணப்படவில்லை’ என்று ரிப்போட்டில் வந்தால், பார்த்த சீவல்களில் காணப்படவில்லை என்று வாசியுங்கள்.

டொக்டர் ஒன்று சொல்கிறார், ரிப்போட் வேறொன்று சொல்கிறது. யாரை நம்புவது?

யாரையாவது ஒருவரை நம்பத்தான் வேண்டும் என்று நினைப்பதே சிக்கல். எங்கள் சனத்துக்கு மெஷினில் வந்தது என்றால் வேதவாக்கு. ஆனால் நுணுக்குக்காட்டியில் பார்ப்பதும் ஒரு மனிதக் கண்தான்.

சில இடங்களில் டொக்டரின் கண் ஜெயிக்கும். உள்ளங்கையில் தடித்து வெடித்திருக்கிறது என்று எடுத்துக்கொள்வோம். எக்சிமாவா, சொரியாசிசா? உள்ளங்கையில் இவை இரண்டும் தகட்டிலும் ஒன்றையொன்று போலவே இருக்கக்கூடும். நிபுணர் ‘சொரியாசிஸ் வகை அழற்சி’ என்று எழுதிவிட்டு நிறுத்திக்கொள்வார். அது சொரியாசிஸ் என்று சொன்னதாகாது, அந்தச் சாயலில் இருக்கிறது என்றுதான் பொருள். டொக்டர் உங்கள் நகத்தில் குண்டூசிக் குழிகள் இருக்கின்றனவா, தலையில் செதில் இருக்கிறதா, முழங்கையில் திட்டு இருக்கிறதா, அப்பாவுக்கோ சித்தப்பாவுக்கோ இருந்ததா என்று பார்த்துத் தீர்ப்பார். தகட்டுக்கு நகமும் தெரியாது, சித்தப்பாவும் தெரியாது.

சில இடங்களில் தகடு ஜெயிக்கும். மூக்கருகே கறுத்துப் பளபளவென்று ஒரு பொட்டு. வருடக்கணக்காக மச்சம் என்று எல்லோரும் விட்டுவிட்டார்கள். எடுத்துப் பார்த்தால் அடிக்கலப் புற்றுநோய், மேல்தோலின் அடிப்பக்கக் கலங்களில் தொடங்கும் தோல் புற்றுநோய். எங்கள் தோலில் அது பெரும்பாலும் நிறம் ஏறி, மச்சம்போலவே வரும். இங்கே தகட்டோடு வாதாட முடியாது.

மூன்றாவது ஒன்றும் உண்டு. இரண்டு பேரும் சரியாகப் பார்த்திருப்பார்கள், துண்டுதான் தவறான இடத்திலிருந்தோ தவறான காலத்திலோ வந்திருக்கும். அப்போது மறுபடி எடுப்பதே வழி.

இவற்றையெல்லாம் விட நான் அதிகம் கண்டது நாலாவது. துண்டோடு வரும் படிவத்தில் ஒன்றும் எழுதாமல் அனுப்புவது! வயது, எவ்வளவு காலம், எந்த இடம், எப்படி ஆரம்பித்தது, என்ன சந்தேகம் என்று எழுதக் கட்டங்கள் இருக்கும். ஓரிடத்திலிருந்து எங்களுக்கு வரும் படிவங்களில் ‘தோல் தழும்பு’ என்ற இரண்டு சொல்லும் ஒரு கேள்விக்குறியும்தான் இருக்கும். எந்தக் கால், எந்தக் கை என்றுகூட இருக்காது. நிபுணர் தொலைபேசியில் அழைத்துக் கேட்பார். எழுதியவர் லீவில் போயிருப்பார். சரி, பிறகு ரிப்போட் எப்படி வரும்? ‘நாட்பட்ட அழற்சி, கிளினிக்கல் கொரிலேஷன் தேவை.’ குப்பையைக் கொடுத்துக் குங்குமம் கேட்கிற கதை.

‘நாட்பட்ட அழற்சி’ என்றால் ஒன்றுமில்லை என்று அர்த்தமா?

இல்லை. அழற்சி இருக்கிறது, பெயர் வைக்கும் அளவுக்கு அடையாளம் போதவில்லை.

மற்றச் சொற்களையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ‘கொன்சிஸ்டன்ட் வித்’ என்று ஒரு வருத்தத்தின் பெயர் வந்தால், டொக்டரின் சந்தேகத்துக்கு இது ஒத்துப்போகிறது, ஆனால் இதுவேதான் என்று சத்தியம் பண்ண மாட்டேன் என்று பொருள். ‘சஜெஸ்டிவ்’ அதைவிட ஒரு படி தயக்கம். ‘கிரனுலோமா’ என்று கண்டதும் சிலர் புற்றுநோய் என்று அழுதுவிடுகிறார்கள். அது எதிரியை வெளியேற்ற முடியாதபோது பாதுகாப்புக் கலங்கள் சூழ்ந்து கட்டும் முடிச்சு. தோல் காசநோய், தொழுநோய், ஆழமான பங்கசு, மணல் ஈ புண், உள்ளே தங்கிய முள் எல்லாவற்றிலும் வரும். எதற்கு வந்தது என்று சொல்லத்தான் கதை வேண்டும்.

வெளிறிய தேமல் ஒன்றுக்குப் பயொப்சி எழுதினார்கள். தொழுநோயாக இருக்குமோ என்று பயமாக இருக்கிறது.

பயம் புரிகிறது. ஹெந்தளை என்ற பெயரைக் கேட்டாலே முகம் சுருங்கும் தலைமுறையைச் சேர்ந்தவன் நான். ஒல்லாந்தர் 1708இல் அங்கே தொழுநோயாளர் வைத்தியசாலை கட்டினார்கள், அந்தப் பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. 1995இல் இலங்கை தொழுநோயைப் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து நீக்கியதாக அறிவித்தது. அதற்காக நோய் போய்விடவில்லை. அதன்பிறகும் ஆண்டுக்கு ஆயிரத்துக்கும் மேல் புதிதாகக் கண்டுபிடித்து வந்திருக்கிறார்கள், அதில் பெரும்பங்கு மேல் மாகாணத்தில். தேசிய வைத்தியசாலைக்குள்ளேயே இதற்கென்று தனி கிளினிக் இருக்கிறது. மருந்து இலவசம், 6 மாதமோ 12 மாதமோ குடித்தால் குணமாகும்.

ஆனால் வெளிறிய திட்டெல்லாம் தொழுநோய் இல்லை. பிள்ளைகளின் கன்னத்தில் வரும் மங்கல் திட்டு வேறு, முதுகில் வியர்வைக்குப் படரும் தேமல் வேறு, பால்போல் வெளுக்கும் வெண்புள்ளி வேறு. தொழுநோய்த் திட்டின் முக்கிய அடையாளம் உணர்ச்சி குறைவது. டொக்டர் உங்களைக் கண்ணை மூடச் சொல்லி, பஞ்சு நுனியால் தொட்டு, தொட்ட இடத்தைக் காட்டச் சொல்வார். முழங்கையின் உட்புறம், முழங்காலின் வெளிப்புறம், கழுத்து என்று தடவிப் பார்ப்பார், நரம்பு கயிறுபோல் தடித்திருக்கிறதா என்று. பஞ்சுத் துணுக்குக்கு ஐந்து சதம் செலவில்லை. ஆனால் இந்தக் கேள்வியில் அது சொல்வதை எந்தத் தகடும் சொல்லாது.

அப்படியானால் பயொப்சி எதற்கு? உள்ளே நரம்பைச் சுற்றிக் கலங்கள் மொய்த்திருக்கின்றனவா, கிரனுலோமா நரம்பின் போக்கிலேயே நீண்டு கிடக்கிறதா என்று பார்க்க. அதனால்தான் கொழுப்புப் படை வரை ஆழமாக எடுக்கச் சொல்வோம். மேலோட்டமாகச் சீவி அனுப்பினால் நரம்பே வராது. ஹான்சன் என்ற வைத்தியர் 1873இல் கண்ட தொழுநோய்ப் பற்றீரியாவைச் சிவப்பாகக் காட்டும் தனிச் சாயமும் உண்டு. இங்கே ஒன்றைக் கவனியுங்கள்: உடலின் எதிர்ப்பு பலமாக இருக்கும் வகையில் பற்றீரியா மிகக் குறைவு, தேடினாலும் கிடைக்காது. ‘பற்றீரியா இல்லை’ என்ற ஒரு வரியை வைத்துத் தொழுநோய் இல்லை என்று முடிவுகட்டக் கூடாது.

ரிட்லி, ஜொப்ளிங் என்ற இருவர் 1966இல் இந்த நோயை ஐந்து படிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் ஆங்கில எழுத்துகளால் குறித்தார்கள். ஒரு முனையில் எதிர்ப்பு அதிகம், மறுமுனையில் பற்றீரியா அதிகம், நடுவில் மூன்று இடைநிலைகள். இரு முனைகளிலும் டொக்டர் சொல்வதும் தகடு சொல்வதும் பொதுவாக ஒத்துப்போகும். நடுவில்தான் பிசகும், ஏனென்றால் நடுவில் இருப்பவர்கள் ஒரே நிலையில் நிற்பதில்லை. ஒரே ஆளின் இரண்டு திட்டில் இரண்டு நிலைகூட இருக்கலாம். ‘ரிப்போட் ஒரு எழுத்து, கிளினிக் கொப்பியில் வேறு எழுத்து’ என்று பதறி வருகிறவர்களுக்கு நான் சொல்வது இது: மருந்து எந்த எழுத்து என்பதைவிட எத்தனை திட்டு, நரம்பில் பாதிப்பு உண்டா, பற்றீரியா தெரிந்ததா என்பதைப் பார்த்துத்தான் தீர்மானிக்கப்படும்.

கையில் வலிக்காத புண், மாதக்கணக்காக ஆறவில்லை. டொக்டர் “அண்மையில் எங்கே இருந்தீர்கள்?” என்று கேட்டார். புண்ணுக்கும் ஊருக்கும் என்ன சம்பந்தம்?

நிறையச் சம்பந்தம். லீஷ்மேனியா என்ற ஒட்டுண்ணியை மணல் ஈ பரப்புகிறது. இலங்கையிலேயே தொற்றிய முதல் தோல் நோயாளி 1992இல் பதிவானார். 2008இலிருந்து இது சுகாதார அதிகாரிகளுக்கு அறிவிக்க வேண்டிய நோய். அனுராதபுரம், பொலன்னறுவை, குருநாகல், அம்பாந்தோட்டை, மாத்தறைப் பக்கம் அதிகம். கொழும்பில் வசிப்பவர் அங்கே வேலைக்குப் போய், திறந்த இடத்தில் இருந்து, மாதங்கள் கழித்துப் புண்ணோடு திரும்புவார். முதலில் சிறு பரு, பிறகு நடுவில் பொருக்கோடு எரிமலை வாய்போல் ஒரு புண். வலியோ அரிப்போ இராது. அதனாலேயே அசட்டையாக விடுவார்கள்.

இங்கே ஒரு விசித்திரம் இருக்கிறது. எங்கள் நாட்டில் தோல் புண் உண்டாக்குவது லீஷ்மேனியா டொனவானி. வடஇந்தியாவில் மண்ணீரலைத் தாக்கிக் கொல்லும் காலா அசார் நோயைத் தருவதும் அதே இனம்தான், இங்கே பெரும்பாலும் தோலோடு நின்றுவிடுகிறது. பெயரிலிருக்கும் டொனவன் சென்னையில் வேலை செய்த வைத்தியர், 1903இல் கண்டார்.

புதுப் புண்ணில் ஒட்டுண்ணிகள் கலங்களுக்குள் புள்ளிபுள்ளியாக நிறைந்திருக்கும், விளிம்பைக் கீறித் தகட்டில் தேய்த்தாலே போதும். பழைய புண்ணில் அவை அருகிவிடும். மிஞ்சுவது கிரனுலோமாதான், அது தோல் காசநோய்போலவும் தோன்றும். அந்த நேரத்தில் “பொலன்னறுவையில் வயல் வேலை” என்று படிவத்தில் மூன்று சொல் இருந்தால் நிபுணர் மிகப் பெரிதாக்கிக் காட்டும் எண்ணெய் வில்லையைத் திருப்பி இன்னும் அரைமணி நேரம் தேடுவார். இல்லாவிட்டால் தேட மாட்டார். டொக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்.

பயொப்சிக்கு முதல் கிறீம் பூசினேன். சொல்ல வேண்டுமா?

கட்டாயம். முடிந்தால் குழாயையே கொண்டுபோய்க் காட்டுங்கள். பார்மசியில் கேட்டு வாங்கும் ‘எல்லாத்துக்கும் நல்ல’ கிறீம்களில் பெரும்பாலும் ஸ்டீரொயிட் இருக்கும். படைக்கு அதைப் பூசினால் அரிப்பு அடங்கும், சிவப்பு மங்கும், பங்கசு மட்டும் சுகமாக வளரும். வளைய வடிவம் கலைந்துபோய் டொக்டருக்கே அடையாளம் தெரியாத உருவத்தில் வரும். பங்கசுவைச் செந்நிறமாகக் காட்டும் சாயம் எங்களிடம் இருக்கிறது, ஆனால் யாரும் கேட்காமல் எல்லாத் தகட்டுக்கும் போடுவதில்லை. உண்மையில் செதிலைச் சுரண்டிப் பொற்றாசியம் ஐதரொட்சைட்டுத் துளியில் பார்த்தாலே பல நேரம் விஷயம் முடிந்துவிடும், வெட்டவே தேவையில்லை.

அம்மாவுக்குக் கொப்புளங்கள். இரண்டு துண்டு எடுத்தார்கள், ஒன்று நல்ல தோலிலிருந்து! தவறுதலாகவா?

தவறில்லை. ஒன்று கொப்புளத்தின் கரையிலிருந்து, பிளவு எந்த ஆழத்தில் என்று பார்க்க. மேல்தோலுக்குள்ளேயே பிளந்தால் பெம்பிகஸ் என்ற வருத்தம், அதில் கொப்புளம் தளர்ந்து எளிதில் உடையும், வாயிலும் புண் வரும். மேல்தோலுக்கு அடியில் பிளந்தால் பெரும்பாலும் பெம்பிகொயிட், வயதானவர்களுக்கு வரும், கொப்புளம் விறைப்பாக நிற்கும். இரண்டாவது துண்டு பக்கத்து நல்ல தோல். உடலே தன் தோலுக்கு எதிராக உண்டாக்கிய பிறபொருளெதிரிகள் எங்கே படிந்திருக்கின்றன என்று ஒளிரும் சாயத்தால் பார்ப்பார்கள். பெம்பிகசில் மீன்வலைபோல் ஒளிரும், பெம்பிகொயிட்டில் ஒற்றைக் கோடாக.

இந்த இரண்டாவது துண்டைப் போர்மலினில் போடக் கூடாது, போட்டால் அந்தப் பரிசோதனை கெட்டுவிடும். ஒரு முறை இரண்டையும் ஒரே போத்தலில் போட்டு அனுப்பியிருந்தார்கள். எழுபது வயது அம்மாவை மறுபடி பஸ் ஏறி வரச்சொல்ல வேண்டியதாயிற்று. மகளிடம் அதைச் சொன்ன நாள் இன்னும் எனக்கு மறக்கவில்லை.

மூன்றாவது முறையாகப் பயொப்சி கேட்கிறார்கள். இவர்களுக்குத் தொழில் தெரியாதா?

தெரிந்ததால்தான் கேட்கிறார்கள். மைக்கோசிஸ் பங்கோயிடிஸ் என்று ஒன்று. பெயரில் பங்கசு இருந்தாலும் பங்கசுக்கும் அதற்கும் தொடர்பில்லை, தோலில் மெல்ல வளரும் ஒருவகை லிம்போமா, அதாவது நிணநீர்க் கலங்களின் புற்றுநோய். இடுப்பு, தொடை, பின்புறம் என்று வெயில் படாத இடங்களில் திட்டு வரும். நிறம் கூடிய தோலுள்ள இளையவர்களுக்கு வெளிறிய திட்டாகவும் வரும். ஆரம்பத்தில் தகட்டில் எக்சிமாவேதான். வருடங்கள் கழித்து, பல துண்டுகளுக்குப் பிறகே பிடிபட்டவர்கள் உண்டு. திட்டு போகவில்லை, டொக்டரின் சந்தேகமும் போகவில்லை என்றால் முதல் ரிப்போட் ‘எக்சிமா’ என்று சொன்னதற்காக நிறுத்திவிடக் கூடாது.

கத்தி பட்டால் புற்றுநோய் பரவும் என்கிறார்களே?

தோல் பயொப்சியால் பரவுவதில்லை. பயத்தில் எடுக்காமல் விடும் மாதங்களில்தான் பரவும். கறுப்புப் புற்றுநோயான மெலனோமா என்று சந்தேகித்தால், முடிந்தவரை முழுவதையும் எடுத்து அனுப்புவார்கள், ஏனென்றால் எத்தனை மில்லிமீற்றர் ஆழம் என்பதில்தான் அடுத்த சிகிச்சை தங்கியிருக்கிறது. பிரெஸ்லோ என்ற நோயியல் நிபுணர் 1970இல் சொன்ன அளவு அது. எங்கள் நிறத்தவர்களுக்கு மெலனோமா பெரும்பாலும் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தின் கீழ் என்று வரும். பாடகர் பொப் மார்லியை 36 வயதில் கொண்டுபோனதும் கால் விரல் நகத்தின் கீழ் தொடங்கியதுதான். அடிபடாமல் நகத்தின் கீழ் கறுப்புக் கோடு அகலித்தால் காட்டுங்கள்.

வேறொரு டொக்டரிடம் அபிப்பிராயம் கேட்கலாமா?

தாராளமாக. ஆனால் கடதாசியை மட்டும் கொண்டுபோகாதீர்கள். மெழுகுக் கட்டியும் தகடுகளும் ஆய்வுகூடத்தில் பத்திரமாக இருக்கும், ரிப்போட் இலக்கத்தைச் சொல்லி முறைப்படி கேட்டால் தருவார்கள். புதிய நிபுணர் அவற்றை நேரே பார்க்கட்டும். திட்டு முதலில் எப்படி இருந்தது என்ற கைபேசிப் படங்களையும் அழிக்காமல் வையுங்கள். பயொப்சி எடுத்த நாளுக்கு முந்தைய ஒரு படம் சில வேளை ரிப்போட்டை விடப் பேசும்.

தையல் பிரிக்கும் வரை இறால், நண்டு, கத்தரிக்காய், தக்காளி விலக்க வேண்டுமா? கிரந்தி என்கிறார்களே?

ஒவ்வாமை இருந்தாலொழிய டொக்டர்கள் விலக்கச் சொல்வதில்லை. என் வீட்டில் விலக்கினார்கள். எனக்கு எடுத்தபோது பத்து நாள் பருப்பும் முருங்கையிலையும்தான். கேட்கிறவர்களிடம் தையலை நனைக்காதீர்கள் என்பேன், சாப்பாட்டை வீட்டுக்காரரோடு பேசித் தீருங்கள் என்பேன்.